அப்பத்தா சாப்பிட்டாச்சு!

எங்கள் ஏரியாவுக்குப் பேர் ஆனையூர். மதுரைக்கு வடமேற்கே, கூடல்நகர் ரயில்வே ஸ்டேஷன் பக்கம். 2011-ல் மாநகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பேரில்தான் ஆனை. தெருவில் நடமாடுவது ஷேர் ஆட்டோவும், அதற்கு வழிவிடாத எருமையும்.

யானைக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி என்பார்கள். ஊசியால் குத்திய தையல்காரன் மேல் சேற்றுத் தண்ணீரைப் பீய்ச்சியடித்த யானைக் கதை பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். கதையை விடுங்கள். நிஜமாகவே ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். கென்யாவில் அம்போசெலி தேசியப் பூங்காவில், யானைக் கூட்டங்களுக்கு வேறு யானைகளின் குரலை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்கள். 2001-ல் முடிவு வந்தது. கூட்டத்துக்குத் தலைவியாக இருக்கும் பெண் யானைக்கு எவ்வளவு வயசு கூடுதலோ, அவ்வளவுக்கு அந்தக் கூட்டம் ‘இது நம்மாளு, இது அசலூரு’ என்று சரியாகக் கண்டுபிடிக்கிறது. அந்தக் கூட்டத்தில் குட்டிகளும் அதிகம்.

மனுஷக் கூட்டத்தில் இந்த உத்தியோகம் அப்பத்தாக்களுடையது. யாருக்கு யார் என்ன முறை, எந்தப் பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லை, ஏன் இல்லை, எல்லாம் விரல்நுனியில். எங்கள் தெருவிலும் அப்படி ஒரு அப்பத்தா இருந்தார். பேர் வேண்டாம். அந்த வீட்டில் மொய் நோட்டே கிடையாது. முப்பது வருஷத்துக்கு முந்தைய காதுகுத்தில் எந்த வீட்டுக்காரர் அஞ்சு ரூபாய் வைத்தார், எவர் வைக்காமல் பந்தியில் உட்கார்ந்தார் என்பதெல்லாம் அப்பத்தாவைக் கேட்டாலே போதும்.

ஒரு நாள் அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற எல்லோரையும் நிறுத்தினார்.

“எய்யா, நேத்திருந்து ஒரு பருக்கை சோறு தரலைய்யா இந்த மகராசி...”

மதுரைக்கு ஹைகோர்ட் பெஞ்ச் 2004-ல்தான் வந்தது. டீக்கடை பெஞ்ச் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வாதம், பிரதிவாதம் எதுவும் இல்லாமல் மருமகள் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. அடுத்த வாரம் இன்னொரு கேஸ். சுருக்குப்பையில் இருந்த நானூறு ரூபாயைக் காணோம். எடுத்தது யார்? வேறு யார், அதே மருமகள்! மூன்றாம் நாள் பணம் அரிசிப் பானைக்குள் கிடந்தது. அங்கே வைத்தது அப்பத்தாவேதான். “மாட்டிக்கிருவோம்னு பயந்து போயி உள்ள வச்சுட்டா” என்று அப்பத்தா அதற்கும் விளக்கம் சொன்னார். பெஞ்ச் அதையும் ஒப்புக்கொண்டது.

உண்மையில் மருமகள் மூன்று வேளையும் தட்டில் போட்டுக் கையில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அப்பத்தாவும் சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் சாப்பிட்டதே ஞாபகம் இல்லை. ஆகவே அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவருக்குத் தெரிந்தவரை அவர் பட்டினி!

கடைசியில் மருமகள் ஒரு காரியம் செய்தார். பிள்ளைகளின் பழைய சிலேட்டு ஒன்றை வாசல் ஜன்னலில் மாட்டி, தினமும் அதில் எழுத ஆரம்பித்தார். ‘அப்பத்தா சாப்பிட்டாச்சு. காலை 8.30. மூணு இட்லி.’

அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அது தெரு படிப்பதற்காக.

சென்னையில் வேலை பார்க்கும் பேரன் லீவுக்கு வந்தான். அப்பத்தா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?” என்று கேட்டார். அதற்கப்புறம்தான் டாக்டர். அவர் பரிசோதனையெல்லாம் முடித்துவிட்டு அல்சைமர் என்றார். சேதி டீக்கடைக்கு வந்தபோது பெஞ்ச் சொன்னது: “அட, இதுக்கெல்லாமாய்யா டாக்டரு? வயசானா அப்படித்தான்!”

இந்த வாரம் சமாச்சாரம், அந்த ‘வயசானா அப்படித்தான்’ பற்றித்தான்.

* * *

இது ஏதோ ஆனையூர் மாமியார் மருமகள் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தின் முதல் அல்சைமர் கேஸும் குடும்பச் சண்டையில்தான் தொடங்கியது.

ஜெர்மனியில் பிராங்க்ஃபர்ட் நகரம். ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மனைவி அகஸ்டே டீட்டர். திடீரென்று அந்தம்மாவுக்குப் புருஷன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அப்புறம்தான் மறதி. சமையல் குழறியது, சாமான்களை எங்கெங்கோ ஒளித்து வைத்தார். 1901 நவம்பரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வயசு 51. பார்த்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர். கேள்வி பதிலையெல்லாம் அப்படியே எழுதி வைத்தார். உங்கள் பேர் என்ன? ‘அகஸ்டே.’ புருஷன் பேர்? ‘அகஸ்டேன்னு நினைக்கிறேன்.’ தட்டில் காலிஃபிளவரும் பன்றிக்கறியும் இருக்க, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், ‘கீரை’ என்றார்.

1906-ல் அந்தம்மா இறந்தார். அல்சைமர் மூளையை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். செல்களுக்கு வெளியே கறை கறையாக ஒரு படிவு. செல்களுக்கு உள்ளே சிக்கு விழுந்த நூல் மாதிரி ஒரு சமாச்சாரம். படிவை இன்றைக்கு அமிலாய்டு என்கிறோம், சிக்கை டௌ என்கிறோம். அதே வருஷம் நவம்பரில் ட்யூபிங்கன் ஊரில் டாக்டர்கள் கூட்டத்தில் எழுந்து நின்று இதைச் சொன்னார். ஒருத்தரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நான்கு வருஷம் கழித்து எமில் கிரேப்லின் என்ற பெரிய டாக்டர் தன் பாடப்புத்தகத்தில் இதற்கு அல்சைமர் நோய் என்று பேர் வைத்தார்.

இதில் ஆபீஸ்காரர்கள் ரசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அந்தம்மாவின் கேஸ் ஃபைல் காணாமல் போய்விட்டது. மறதி நோயின் முதல் ஃபைலை எங்கே வைத்தோம் என்பதையே மறந்துவிட்டார்கள்! 1995-ல்தான் பிராங்க்ஃபர்ட் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் அகப்பட்டது. அல்சைமர் கைப்பட எழுதிய தாள்கள் உள்ளே பத்திரமாக இருந்தன. ஆகவே உங்கள் மேலதிகாரி பழைய ஃபைலைக் கேட்டுக் கத்தும்போது, உலக அளவில் தொண்ணூறு வருஷம் வரை டயம் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம்.

அகஸ்டேவுக்கு 51 வயசு என்பதால் ஒரு சங்கடம் நேர்ந்தது. அல்சைமர் என்பது அறுபதைத் தாண்டாதவர்களுக்கு வருகிற அபூர்வ நோய் என்று டாக்டர்கள் தீர்மானித்துவிட்டார்கள். எழுபது வயசுப் பாட்டிக்கு அதே மறதி வந்தால்? முதுமை, அவ்வளவுதான். எங்கள் டீக்கடைத் தீர்ப்பையே லத்தீன் வார்த்தை போட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1960-களில் இங்கிலாந்தின் நியூகாஸிலில் சில டாக்டர்கள், மறதியில் இறந்த முதியவர்களின் மூளையைப் பொறுமையாக ஆராய்ந்தார்கள். அகஸ்டேயின் மூளையில் இருந்த அதே கறை, அதே சிக்கு. அதாவது எழுபது வயசுப் பாட்டிக்கு வந்ததும் அதே நோய்தான். முதுமை அதற்கு வழிவிடுகிறது. ஆனால் முதுமையும் நோயும் ஒன்றில்லை. தொண்ணூறு வயசில் சீட்டுக் கணக்கைப் பைசா சுத்தமாகச் சொல்லும் பெரிசுகள் உங்கள் தெருவிலும் உண்டே!

* * *

நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது, அறுபது வருஷத்துக்கு முந்தைய கல்யாணம் மட்டும் எப்படி ஞாபகம் இருக்கிறது? நடிப்பா என்று வீட்டில் சந்தேகப்படுவதே இந்த இடத்தில்தான்.

உங்கள் ஆபீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். வருகிற தபாலை வாங்கி, நம்பர் போட்டு, ரிஜிஸ்டரில் ஏற்ற ஒரு குமாஸ்தா இருப்பார். பழைய ஃபைல்கள் ரெக்கார்டு ரூமில் இருக்கும். தபால் குமாஸ்தா படுத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய ஃபைல் எதற்கும் ஆபத்தில்லை. ஆனால் இன்றைக்கு வந்த கடிதம் பதிவாகவே ஆகாது. ‘நீங்க மனு கொடுக்கவே இல்லையே சார்’ என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது நிஜம்.

மூளையில் தபால் குமாஸ்தாவின் பேர் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உள்பக்கமாக, கடல்குதிரை வடிவத்தில், பக்கத்துக்கு ஒன்று இருக்கிறது. அல்சைமர் ஆரம்பத்திலேயே கை வைக்கும் இடங்களில் ஒன்று இது. ரெக்கார்டு ரூமுக்கு அது வந்து சேர வருஷங்கள் ஆகும்.

இதை உலகத்துக்கு நிரூபித்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். அவருக்கு அல்சைமர் கிடையாது, தீராத வலிப்பு. 1953-ல், அவருடைய 27-வது வயசில், வலிப்பை நிறுத்துவதற்காக இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008-ல் இறக்கும்வரை புதிதாகப் பார்த்த எவரையும் அவரால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற விஞ்ஞானி பல வருஷங்கள் அவரைச் சோதித்தார். ஒவ்வொரு தடவையும் புதுசாக அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னால் நாளுக்கு நாள் நன்றாக வரைந்தார், முன்பு வரைந்ததே ஞாபகம் இல்லாமல். கை பழகுவது வேறு கிளை அலுவலகம் என்று அப்படித்தான் தெரிந்தது. எல்லாம் மறந்த பாட்டி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மட்டும் தப்புப் பண்ணாததன் ரகசியமும் இதுதான்.

அப்படியானால் நம் மறதி? பெரியார் பஸ் நிலையத்தில் டூவீலரை எந்த வரிசையில் விட்டோம் என்று தேடுவது வெறும் மறதி. முப்பது வருஷமாக இறங்குகிற ஸ்டாப்பில் இறங்கி, வீடு எந்தப் பக்கம் என்று புரியாமல் நிற்பது அந்த ரகத்தில் சேராது.

* * *

ஞாபகத்தை அளக்க ஒரு பரீட்சை உண்டு. 1975-ல் அமெரிக்காவில் தயாரானது. மொத்தம் 30 மார்க். இன்று என்ன தேதி, என்ன வருஷம், இது எத்தனையாவது மாடி, 100-லிருந்து ஏழு ஏழாகக் கழி, இதைப் படி, ஒரு வாக்கியம் எழுது, இந்தப் படத்தைப் பார்த்து வரை... இப்படிப் போகும். 93, 86, 79 என்று இறங்குவது மாசக் கடைசியில் நமக்கே கஷ்டம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத அப்பத்தா, ஞாபகம் கல்வெட்டு மாதிரி இருந்தாலும், இந்தப் பரீட்சையில் ஃபெயில்!

இந்தச் சிக்கலை 1990-களில் ஹரியானாவில் பல்லப்கர் என்ற ஊர்ப் பக்கம் ஆராயப் போன இந்திய, அமெரிக்க விஞ்ஞானிகள் எதிர்கொண்டார்கள். 55 வயசுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேர். அதில் நூற்றுக்கு 73 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேள்வித்தாளையே மாற்றினார்கள். ‘வாக்கியம் எழுது’ போய், ‘உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லு’ என்று ஆனது. ‘கண்ணை மூடு என்று எழுதியிருப்பதைப் படித்துச் செய்’ என்பது, ‘என் முகத்தைப் பார், நான் செய்வதைச் செய்’ என்று ஆனது. நூறும் ஏழும் போய், 20-லிருந்து மும்மூன்றாகக் கழிக்கச் சொன்னார்கள். மதுரையில் நான் கேள்வித்தாள் தயாரித்தால், ‘அழகர் ஆத்துல இறங்கி எத்தனை மாசம் ஆச்சு?’ என்பதை முதல் கேள்வியாக வைப்பேன்.

சரி, பரீட்சையை மாற்றியாயிற்று. வீட்டுக்காரர்கள் பதில் சொல்ல வேண்டாமா? அங்கேதான் நம் தமிழ்நாட்டு வேலூர் வருகிறது.

10/66 என்று ஒரு ஆராய்ச்சிக் குழு. பஸ் நம்பர் மாதிரி இருந்தாலும் அர்த்தம் உண்டு. மறதி நோய்க்காரர்களில் 66 சதவீதம் பேர் நம்மைப் போன்ற நாடுகளில் இருக்கிறார்கள், ஆனால் ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட இங்கே நடப்பதில்லை என்ற கோபத்தில் 1998-ல் வைத்த பேர். ஏழு நாடுகளில் 11 இடங்களில், 65 வயசுக்கு மேற்பட்ட 14,960 பேரை வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள். அதில் நகரத்துக்குச் சென்னை, கிராமத்துக்கு வேலூர்ப் பக்கத்து ஊர்கள். 2008-ல் லான்செட் பத்திரிகையில் முடிவு வெளியானது.

ஒரே ஆட்களை இரண்டு அளவுகோல்களால் அளந்தார்கள். ஒன்று, அமெரிக்க மனநல மருத்துவர்களின் இலக்கணம். ஞாபகம் குறைந்திருக்க வேண்டும், அதனால் அன்றாடக் காரியங்கள் கெட்டிருக்க வேண்டும், கெட்டிருக்கிறது என்பது தெரியவும் வேண்டும். இந்தக் கணக்கில் இந்தியக் கிராமத்தில் நோயாளிகள் 0.3 சதவீதம்தான். ஆயிரம் பேரில் மூன்று பேர்! அடடா, நம்ம சாப்பாடு, நம்ம கூட்டுக்குடும்பம் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது அல்லவா?

பொறுங்கள். இரண்டாவது, படிக்காதவர்களுக்கும் பொருந்தும்படி அந்தக் குழுவே தயாரித்த அளவுகோல். அந்தக் கணக்கில் உலகத்தில் எந்த இடத்திலும் நோய் 5.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை. வேலூர்க் கிராமங்களும் அதில் அடக்கம். ஆயிரத்தில் குறைந்தது 56 பேர். மூன்று எங்கே, 56 எங்கே? அதே கிராமம், அதே ஆட்கள். நடுவில் விட்டுப்போனவர்கள் சும்மா கணக்குக்காகச் சேர்த்தவர்களா என்றும் பார்த்திருக்கிறார்கள். இல்லை. அவர்களும் அன்றாடம் அல்லல்படுகிறவர்கள்தான்.

ஏன் விட்டுப்போனார்கள்? வசதி குறைந்த ஊர்களில், பெரியவருக்கு ஞாபகம் குறைந்துவிட்டது, காரியம் பார்க்க முடியவில்லை என்று வீட்டார் சொல்வது குறைவு என்பதை விஞ்ஞானிகள் கவனித்தார்கள். எங்கள் தெரு வீட்டையே நினைத்துப் பாருங்கள். யாராவது வந்து, “அப்பத்தா வீட்டு வேலையெல்லாம் முன்ன மாதிரி செய்யுதா?” என்று கேட்டால் என்ன பதில் வரும்? “அது எதுக்குங்க வேலை செய்யணும்? நான் இருக்கேன்ல?” சமையல் மருமகளுக்கு மாறியாயிற்று. ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். ஓய்வூதியத்துக்குக் கைநாட்டு வைக்க மகன் கூட்டிப் போகிறான். அப்பத்தா எதையும் செய்ய வேண்டியதில்லை, அதனால் எதையும் செய்ய முடியவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. நாம் பெரியவர்களுக்குச் செய்கிற மரியாதையே நோய்க்குத் திரை போட்டுவிடுகிறது. பிரச்னை வெளியே வரும்போது மருமகள் சோறு போடவில்லை என்ற ரூபத்தில் வருகிறது.

இப்போது நாடு முழுவதற்கும் கணக்கு இருக்கிறது. 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயசைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய். சுமார் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

* * *

கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, மருந்தா இருக்கிறது என்பீர்கள். மூன்று லாபம் உண்டு.

ஒன்று, எல்லா மறதியும் அல்சைமர் இல்லை. தைராய்டு குறைந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும், மனச்சோர்வு வந்தாலும், கீழே விழுந்து மண்டைக்குள் மெல்ல ரத்தம் கட்டினாலும், சில மாத்திரைகளாலும் மறதி வரும். இவற்றுக்கெல்லாம் வைத்தியம் இருக்கிறது. ‘வயசானா அப்படித்தான்’ என்று திண்ணையில் உட்கார வைத்துவிட்டால், பி12 ஊசியில் தேறியிருக்க வேண்டியவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்.

இரண்டு, மருந்து. 1996-ல் வந்த டோனெப்பசில் போன்றவை கொஞ்சம் தெளிவு தரும், நோயைத் தடுக்காது. அமிலாய்டு கறையையே கழுவி எடுக்கும் லெகானமாப் 2023-லும், டொனானமாப் 2024-லும் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்றன. லெகானமாப் சோதனையில் 1,795 பேர். ஒன்றரை வருஷத்தில் சரிவு 27 சதவீதம் மெதுவானது. கேட்க ஜோர்தான். ஆனால் 18 மார்க் அளவுகோலில் வித்தியாசம் அரை மார்க்கைக்கூட எட்டவில்லை. சிலருக்கு மூளையில் வீக்கம், ரத்தக் கசிவு என்பதால் அடிக்கடி ஸ்கேன் வேண்டும். விற்பனைக்கு வந்தபோது அங்கே வருஷத்துக்கு நம் கணக்கில் 20 லட்ச ரூபாய்க்கு மேல். போனது திரும்பாது, போகிற வேகம்தான் குறையும். அதுவும் நோயின் ஆரம்பத்தில் பிடித்தால்தான். ரத்தப் பரிசோதனையிலேயே அமிலாய்டைக் கண்டுபிடிக்க உதவும் முறைக்கு 2025 மே மாதம் அமெரிக்கா அனுமதி கொடுத்துவிட்டது. ஆகவே சீக்கிரம் பிடிப்பது இனி சுலபமாகும், வீட்டில் சீக்கிரம் கூட்டிப் போனால்!

மூன்றாவது லாபம் மருமகளுக்கு. நோய்க்கு ஒரு பேர் கிடைத்த அன்று திருட்டுப் பட்டம் போகிறது. எங்கள் தெருவில் சிலேட்டு கழன்றது அப்போதுதான். இது சின்ன விஷயம் என்று நினைப்பவர் அந்தத் தெருவில் ஒரு மாசம் மருமகளாக இருந்து பார்க்கட்டும்.

* * *

இதைப் படிக்கிற உங்களுக்கு முப்பது, முப்பத்தைந்து வயசு இருக்கலாம். ‘இது பெரிசுங்க மேட்டர்’ என்று ஜோக் பக்கத்துக்குத் தாவாதீர்கள். மூளையில் கறை படிய ஆரம்பிப்பது, மறதி வெளியே தெரிவதற்குப் பத்து, இருபது வருஷம் முன்னால். அதாவது நீங்கள் வீட்டு லோனுக்கு அலைந்துகொண்டிருக்கும்போது!

லான்செட் அமைத்த நிபுணர் குழு 2024-ல் 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. பிளட் பிரஷர், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால், பருமன், சிகரெட், அளவு மீறிய குடி, உடம்பை அசைக்காமை, தலையில் அடி, காது கேளாமை, கவனிக்காமல் விட்ட கண் பார்வை, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, பள்ளிப்படிப்புக் குறைவு. இந்த 14-ஐயும் ஒழித்துக்கட்டினால் மறதி நோயில் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறார்கள்.

பட்டியலில் கடைசியாக நான் சொன்ன பள்ளிப்படிப்பைப் பாருங்கள். காமராஜர் ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் திறந்து மதியச் சோறும் போட்டபோது, மறதிக்கும் சேர்த்துத்தான் மருந்து போட்டிருக்கிறார். 2013-ல் ஹைதராபாத் நிம்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதி நோயாளிகளைப் பார்த்ததில், இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை வருஷம் தாமதமாக வந்திருந்தது. எழுத்தே தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. வேறு நாடுகளில் சில ஆய்வுகள் இதை ஆமோதிக்கவில்லை. இருந்தாலும் வீட்டில் சௌராஷ்டிரமும் கடையில் தமிழும் பேசும் நம் மதுரைப் பாட்டிகளை யாராவது ஆராய்ந்தால் நன்றாக இருக்கும். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் சீனிவாசபுரா கிராமங்களில் 45 வயசுக்கு மேற்பட்ட பத்தாயிரம் பேரைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. விவசாயி மூளைக்கு விவசாயியிடமே விடை தேடும் வேலை.

* * *

சிம்மக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “சார், வல்லாரை சாப்பிட்டால் ஞாபகசக்தி கூடுமாமே? மஞ்சள், அமுக்கராக் கிழங்கு இதெல்லாம்?”

பல்லப்கரில் அல்சைமர் ரொம்பக் குறைவாக, 65 வயசுக்கு மேல் நூற்றுக்கு ஒருவர் என்ற கணக்கில் வந்ததும், ‘இந்தியன் மஞ்சள் சாப்பிடுகிறான், அதுதான்’ என்று உலகம் மஞ்சள் டப்பாவைத் தூக்கியது. எலியிடம் பலித்தது. மனுஷர்களுக்கு மஞ்சள் சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்து 2012-ல் வெளியான சோதனையில் பலன் தெரியவில்லை. அமுக்கராவும் 2012-ல் நம் நாட்டு மூளை ஆராய்ச்சி நிலையத்தில் எலிகளுக்கு நன்றாகவே வேலை செய்தது. உங்கள் வீட்டு எலிக்கு மறதி என்றால் தாராளமாகக் கொடுங்கள். வல்லாரை அல்சைமரைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆனால் துவையல் அரைத்தால் இட்லிக்குப் பிரமாதம்.

அதற்குச் செலவழித்தது போக மீதிப் பணத்தில் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பிளட் பிரஷரை ஒரு தடவை பாருங்கள். வீட்டுப் பெரியவருக்குக் காது மந்தம் என்றால் மிஷின் வாங்கிக் கொடுங்கள். அந்தப் பட்டியலில் ‘தலையில் அடி’ என்று ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? கோரிப்பாளையம் சிக்னலில் போலீஸைப் பார்த்ததும் டேங்க் மேலிருந்து எடுத்து மாட்டுகிறீர்களே ஹெல்மெட், அதைக் கொஞ்சம் முன்னாலேயே, வீட்டு வாசலிலேயே மாட்டிக்கொள்ளுங்கள்.